வாங்கி வந்த கோழி ஏன் மூன்றாம் நாள் தூங்கி வழிகிறது?

வியாசர்பாடியில் எங்கள் எதிர்வீட்டு ஆயா போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு நாட்டுக்கோழி விடைகள் (இளங்கோழிகள்) வாங்கி வந்தார். மொட்டைமாடியில் ஏற்கெனவே இரண்டு பெட்டையும் ஒரு சேவலும் உண்டு. புதன்கிழமை காலையில் மாடியிலிருந்து குரல் வந்தது. "இன்னாப்பா இது, வாங்கியாந்து மூணு நாள் ஆவல, அதுக்குள்ள தூங்கி வழியுது! எவளோ கண்ணு வெச்சுட்டா."

போய்ப் பார்த்தேன். புது விடைகளில் ஒன்று இறக்கையைத் தொங்கப் போட்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, மூலையில் கண்மூடி நின்றது. கீழே கிடந்த எச்சத்தில் ரத்தம்.

கண் பட்டதோ இல்லையோ, அந்த ரத்தத்தை வைத்து ஒரு தேதிக் கணக்குப் போடலாம். இது ரத்தக் கழிச்சல். ஐமீரியா என்ற ஒரு செல் ஒட்டுண்ணியின் வேலை. நோயுள்ள கோழியின் எச்சத்தில் இதன் முட்டைகள் வெளியேறும். வெளியே வந்த உடனே அவற்றால் தொற்ற முடியாது. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் முதிர்ந்துவிடும். (நம்ம ஊரில் இந்த மூன்றுக்கும் பஞ்சமே இல்லை.) தீனியோடு அதைக் கொத்தித் தின்ற கோழியின் குடலுக்குள் ஒட்டுண்ணி செல் செல்லாகப் புகுந்து பெருகி, செல்லை உடைத்துக்கொண்டு வெளியே வரும். ரத்தம் தெரிய நான்கைந்து நாள் ஆகும். ஆயா வீட்டுக்கு அந்த விடை வந்து மூன்று நாள்தான் ஆகிறது. ஆக, மொட்டைமாடி குற்றவாளி இல்லை. விற்றவர் கூண்டிலோ சந்தையிலோ தின்றதுதான் இங்கே வெளிப்பட்டது.

சரி, ஒரே கூண்டிலிருந்து வந்த மற்ற மூன்றும் ஏன் நன்றாக இருந்தன? அவையும் ஒருவேளை தின்றிருக்கலாம். கோழியும் கிருமியும் பல நேரம் ஒரு சமாதானத்தில் வாழ்கின்றன. கொஞ்சம் கிருமி உள்ளே இருக்கும், எதிர்ப்புச் சக்தி அதை அடக்கி வைத்திருக்கும். காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போவது, வெயிலில் வண்டிப் பயணம், தண்ணீர் இல்லாத அரை நாள், அறிமுகமில்லாத கோழிகளின் கொத்து என்று எல்லாம் சேரும்போது கோழியின் அட்ரினல் சுரப்பி கார்ட்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கொட்டும். அந்த நேரத்துக்கு உடம்பைத் தாங்க வைப்பது அதன் வேலை. ஆனால் அது நீடித்தால் ரத்தத்தில் கிருமியை அடக்கி வைக்கும் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் குறையும், ஹெட்டரோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் கூடும். இந்த இரண்டின் விகிதத்தை வைத்தே ஒரு கோழி எவ்வளவு அல்லல்பட்டது என்று ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். லிம்போசைட் குறைந்ததும் சமாதானம் முறிகிறது.

அதனால் முதல் இரண்டு நாள் மருந்தைவிட நிழலும் தண்ணீரும் முக்கியம். கோழியின் உடல் சூடு இயல்பாகவே 41 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். தகர ஷீட்டுக்குக் கீழே கூண்டு வைத்துவிட்டு நோய் என்று பயப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரவில் அடையும்போது கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள்: நிறைந்திருக்க வேண்டும், விடிகாலையில் காலியாக இருக்க வேண்டும். எச்சத்தின் மேல் வெள்ளைத் தொப்பி மாதிரி இருப்பது நோயல்ல, அது கோழியின் சிறுநீர். வெறும் பச்சையாகப் போனால் சாப்பிடவில்லை, பித்தம் மட்டும் இறங்குகிறது என்று அர்த்தம்.

எச்சத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். நுண்ணோக்கியில் ஐமீரியாவின் முட்டைகள் தெரிந்தன. மருந்து ஆம்ப்ரோலியம். பார்க்க வைட்டமின் பி1 போலவே இருக்கும் மூலக்கூறு. ஒட்டுண்ணிக்குப் பி1 போய்ச் சேரும் வழியை அடைத்துப் பட்டினி போடுகிறது. ஆயாவோ அதோடு ஒரு பி காம்ப்ளெக்ஸ் டானிக்கையும் கலந்து வைத்திருந்தார், பலத்துக்காம்! அசல் பி1-ஐ நாமே ஊட்டினால் மருந்து எப்படி வேலை செய்யும்? தடுத்து நிறுத்தினேன். கூண்டுக்கு ஃபினாயிலும் வேண்டாம். அந்த முட்டைகளின் ஓடு ஃபினாயிலுக்கு அசையாது. கொதிக்கிற தண்ணீரும் நல்ல வெயிலும்தான் அதற்குச் சரி.

வெள்ளைக் கழிச்சலுக்குக் கணக்கு வேறு. ராணிக்கெட் என்று பெயர் வாங்கிய இந்த வைரஸ் உள்ளே புகுந்து 2 முதல் 15 நாளில், பெரும்பாலும் ஐந்தாறு நாளில் தெரியும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், மூச்சு இழுக்கும், பிழைத்ததற்கும் கழுத்து திருகிக்கொள்ளும். இதற்கு மருந்தே கிடையாது. கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டுவது வீண். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. தடுப்பூசி ஒன்றே வழி, அதுவும் கோழி தெளிவாக இருக்கும்போது. உயிருள்ள தடுப்பு மருந்தைக் குடிநீரில் கலப்பவர்கள் மெட்ரோ வாட்டரை அப்படியே ஊற்றக் கூடாது. அதிலிருக்கும் குளோரின், தடுப்பு மருந்தில் உள்ள வைரஸையே கொன்றுவிடும். கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கொஞ்சம் கலந்தால் குளோரின் அடங்கும்.

ஒரே நாளில் பல கோழிகள் பட்டென்று செத்தால் மட்டும் வீட்டு வைத்தியம், அறுப்பது, கேப்டன் காட்டன் கால்வாயில் வீசுவது எதுவும் வேண்டாம். கையில் உறை போடாமல் தொடவும் வேண்டாம், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

மெதுவாகத் தெரிவது சளி. கண்ணோரம் நுரை, முகம் வீக்கம், கொர்கொர் என்ற மூச்சு எல்லாம் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும். வெளிப்பட மூன்று வாரம்கூட எடுக்கும். சிகிச்சையில் தேறிய கோழியும் அநேகமாக ஆயுளுக்கும் கிருமியைச் சுமக்கும். புதுக்கோழியை நான்கு வாரம் தனியே வையுங்கள் என்று சொல்வது இதையும் சேர்த்துத்தான். அந்த நாட்களில் பழைய கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகே புதியவற்றிடம் போக வேண்டும். திரும்பி வரும்போது கையும் செருப்பும் கழுவ வேண்டும்.

தூங்கிய விடை ஒரு வாரத்தில் தேறியது. நான்கையும் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கிறோம். இன்றோடு 24 நாள். இன்னும் நாலு நாள் பொறுங்கள் ஆயா என்றால், "அப்ப நீயே வந்து ரெண்டு எடத்துலயும் தவிடு வெச்சுட்டுப் போ" என்கிறார்.