பைன் விதையின் நன்மையும் நாக்கில் தங்கும் கசப்பும்

நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுத்துவரும் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவர், சென்ற ஆண்டு என்னிடம் வந்தபோது, ஒரு வாரமாக எதை வாயில் வைத்தாலும் கசக்கிறது என்றார். சோறு, சாம்பார், பால் எல்லாமே செப்புக் காசை நாக்கில் வைத்துக்கொண்டு விழுங்குவதுபோல் இருப்பதாகச் சொன்னார். மெட்ஃபார்மின் சிலருக்கு உலோகச் சுவையைத் தருவது உண்மைதான். அதை எங்கோ படித்தவர், மருத்துவரிடம் கேட்காமலே மாத்திரையை நிறுத்தியிருந்தார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 210-ஐ எட்டியிருந்தது. நான்கு ஆண்டுகள் ஒத்துப்போன மாத்திரை இப்போது மட்டும் ஏன் கசக்க வேண்டும் என்ற ஐயத்தில், கசப்பு தொடங்குவதற்கு முந்தைய நாட்களில் புதிதாக என்ன சாப்பிட்டார் என்று ஒவ்வொரு வேளையாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். இணையத்தில் வரவழைத்த ஒரு பொட்டலம் பைன் விதையைப் பற்றிக் கடைசியில்தான் சொன்னார். பசியை அடக்கும், சர்க்கரையைக் குறைக்கும் என்று கேள்விப்பட்டு மகள் வாங்கித் தந்ததாம்.

பைன் விதை சாப்பிட்டவர்களில் சிலருக்கு 12 முதல் 48 மணி நேரம் கழித்து இப்படி ஒரு கசப்பு தொடங்குகிறது. மருத்துவ இதழ்கள் இதைப் ‘பைன் மவுத்’ என்று குறிப்பிடுகின்றன. 2001-இல் பெல்ஜியத்திலிருந்து முதல் மருத்துவக் குறிப்பு வெளிவந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு இதே புகார் ஏராளமாக வந்து சேர்ந்தது. சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை நீடிக்கும் இந்தக் கசப்பு, வேறு எதைச் சாப்பிட்டாலும் கூடுமே தவிரக் குறையாது. பிறகு எந்த மருந்தும் இல்லாமல் தானாகவே விலகிவிடும். உடலுக்கு வேறு கெடுதல் எதையும் அது விட்டுச் செல்வதில்லை. சீனாவில் வளரும் ‘பைனஸ் அர்மாண்டி’ என்ற மரத்தின் விதையோடுதான் ஆய்வாளர்கள் இதைப் பெரும்பாலும் தொடர்புபடுத்துகிறார்கள். அந்த விதை குட்டையாகவும் பருமனாகவும் மங்கலாகவும் இருக்கும். என்னிடம் வந்தவரின் பொட்டலத்தில் பலவகை விதைகள் கலந்திருந்தன; அவற்றில் குட்டையானவையும் இருந்தன. விதையை நிறுத்திய ஆறாம் நாள் அவருக்குச் சுவை திரும்பியது. மருத்துவர் அதே மாத்திரையை மீண்டும் தொடங்கினார்; கசப்பு வரவில்லை.

இதைச் சொல்வதால் பைன் விதையை ஒதுக்கிவிட வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே பெயருக்குள் பல மரங்களின் விதைகள் அடங்கியிருப்பதால், வாங்குபவருக்குத் தன் கையில் இருப்பது எது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கவலை. நூற்றுக்கும் மேற்பட்ட பைன் இனங்களில் ஏறத்தாழ இருபதின் விதைகள்தான் உண்ணும் அளவுக்குப் பெரியவை. கொடைக்கானல் பைன் காட்டில் பொறுக்கி வந்த கூம்பை உடைத்தால் இந்தப் பருப்பு கிடைக்குமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கிடைக்காது, அங்கே நட்டு வளர்க்கப்பட்ட பைன்களின் விதை மிகச் சிறியது, காற்றில் பறப்பதற்கான சிறகு ஒட்டியது. தேவதாருவும் வேறு மரம். பெயர்க் குழப்பத்தில் அதையும் இதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

உலர்பழக் கடைகளில் ‘சில்கோசா’ என்ற பெயரில், பழுப்பு நிற ஓட்டோடு நீளமாகவும் ஒல்லியாகவும் கிடைப்பது ‘பைனஸ் ஜெரார்டியானா’ என்ற இமயமலை மரத்தின் விதை. இமாச்சலப் பிரதேசத்தின் கின்னோர் மாவட்டத்திலும், ஆப்கானிஸ்தானின் கிழக்கு மலைகளிலும், பாகிஸ்தானின் சுலைமான் மலைத்தொடரிலும் அது இயற்கையாக வளர்கிறது. கின்னோர் மக்கள் அதை ‘நியோசா’ என்கிறார்கள். கூம்பு விரிந்து விதை சிதறுவதற்கு முன்பே, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் செங்குத்தான சரிவுகளில் மரமேறிக் கூம்புகளை அறுத்துக் குவித்து, அவை விரிந்த பிறகு விதைகளைத் தட்டி எடுக்கிறார்கள். ஒரு கூம்பு முதிர ஓராண்டுக்கு மேல் ஆகும்; மரமோ மிக மெதுவாக வளர்வது. கிலோ பல ஆயிரம் ரூபாய்க்கு விற்பதற்கு இவ்வளவு உழைப்பும் காத்திருப்பும் காரணம். கூம்புகளை ஒன்றுவிடாமல் அறுத்துவிடுவதால் காட்டில் புதுக் கன்றுகள் முளைப்பது அருகி, இந்த மரம் அச்சுறுத்தலை நெருங்கும் இனங்களின் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. உணவைப் பற்றி எழுதும்போது அது வரும் காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன்.

சத்துக் கணக்குக்கு வருவோம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் தரவுகளின்படி 100 கிராம் உலர்ந்த பைன் பருப்பில் 673 கலோரி, 68 கிராம் கொழுப்பு, 14 கிராமுக்குச் சற்றுக் குறைவான புரதம், 251 மில்லிகிராம் மக்னீசியம், 8.8 மில்லிகிராம் மாங்கனீசு, 6.5 மில்லிகிராம் துத்தநாகம், 9 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் ஈ ஆகியவை உள்ளன. ஆனால் யாரும் ஒரே நாளில் 100 கிராம் உண்பதில்லை, உண்ணவும் கூடாது. நான் பரிந்துரைக்கும் 15 கிராமில், அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான அளவில், 100 கலோரியும் 10 கிராம் கொழுப்பும் 2 கிராம் புரதமும் 38 மில்லிகிராம் மக்னீசியமும் கிடைக்கும். கொழுப்பில் நிறைவுற்ற வகை 1 கிராமைக்கூட எட்டாது. மீதி பெரும்பாலும் இதயத்துக்கு உகந்த நிறைவுறாக் கொழுப்பே. உண்மையில் மெச்சத்தக்கது மாங்கனீசுதான்: இந்தச் சிறு அளவிலேயே 1.3 மில்லிகிராம் இருக்கிறது, எலும்பின் உருவாக்கத்துக்கும் செல்களைக் காக்கும் நொதிகளுக்கும் அது தேவை.

இதயத்துக்கு நல்லது என்பது ஆதாரமுள்ள பேச்சு. 2003-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், நிறைவுற்ற கொழுப்பு குறைந்த உணவுமுறையோடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிராம் கொட்டைப் பருப்புகளைச் சேர்த்துக்கொள்வது இதய நோய் வாய்ப்பைக் குறைக்கக்கூடும், ஆனால் இது நிரூபணமாகவில்லை என்ற வாசகத்தை அனுமதித்தபோது, அந்தப் பட்டியலில் பாதாம், நிலக்கடலை, வால்நட் முதலியவற்றோடு சிலவகைப் பைன் விதைகளையும் சேர்த்தது. ‘குறைக்கக்கூடும்’, ‘நிரூபணமாகவில்லை’ என்ற இரண்டு சொற்களையும் அழித்துவிட்டுத்தான் நம் கைப்பேசிக்கு வரும் காணொளிகள் பேசுகின்றன.

பைன் விதை ஒமேகா 3 என்ற நல்ல கொழுப்பு நிறைந்தது என்று சொல்லப்படுவது தவறு. இதில் மிகுந்திருப்பது ஒமேகா 6 வகையான லினோலிக் அமிலம். ஒமேகா 3 வேண்டுமென்றால் மத்தி மீனையோ ஆளி விதையையோ வால்நட்டையோ நாட வேண்டும். பசியை அடக்கும் என்பதற்குப் பின்னால் பினோலெனிக் அமிலம் என்ற ஒரு கொழுப்பமிலம் இருக்கிறது. கொரியப் பைன், சைபீரியப் பைன் விதைகளில் அது கணிசமாக உண்டு. இத்தாலியர்கள் பெஸ்டோ சட்னியில் அரைக்கும் மத்தியதரைக் கடல் பைன் விதையில் மிகக் குறைவு. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், மாதவிடாய் நின்ற, உடல் எடை மிகுந்த 18 பெண்களுக்குக் காலை உணவோடு 3 கிராம் கொரியப் பைன் விதை எண்ணெயின் சத்தைக் கொடுத்தபோது, வயிறு நிறைந்த உணர்வைத் தரும் குடல் ஹார்மோன்கள் சில மணி நேரத்துக்குக் கூடின. ஆய்வில் கொடுத்தது எண்ணெய்ச் சத்து, விதையை அல்ல. அளந்தது ஹார்மோன், எடையை அல்ல. வழக்கமான உணவு எதையும் குறைக்காமல் அதன்மேல் தினமும் ஒரு கைப்பிடி பைன் விதையைச் சேர்த்து, மூன்று மாதத்தில் எடை கூடி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காலையில் விதை சேர்த்தால், மாலை வடையையோ மிக்சரையோ விட்டால்தான் கணக்கு சரியாகும்.

வாங்க இயலாதவர்கள் வருந்துவதற்கு எதுவுமே இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நிலக்கடலையில் 100 கிராமுக்கு 26 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, பைன் விதையைப்போல ஏறத்தாழ இரு மடங்கு; வைட்டமின் ஈ-யும் அதற்குச் சற்றே குறைவுதான். எள்ளில் மக்னீசியமும் துத்தநாகமும் பைன் விதையைவிட அதிகம். கடன் வாங்கியாவது பிள்ளைக்குப் பைன் விதை தர வேண்டும் என்று ஒரு தாய் என்னிடம் கேட்டபோது, ஓர் எள்ளுருண்டையும் ஒரு பிடி வேகவைத்த கடலையும் போதும் என்றுதான் எழுதிக் கொடுத்தேன்.

வாங்குகிறவர்கள், முடிந்தவரை ஓட்டோடு இருக்கும் சில்கோசாவை வாங்குவது நல்லது. இனத்தை அடையாளம் காண்பது எளிது, எண்ணெய்ப் பசையும் சீக்கிரம் கெடாது. ஓடு நீக்கிய பருப்பு நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் சில வாரங்களிலேயே காறிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஓரிரு மாதங்களில் தீர்த்துவிட வேண்டும். தொண்டையைப் பிடிக்கும் காறலோ சிக்கு வாடையோ இருந்தால், விலையை நினைத்துச் சாப்பிடாமல் கொட்டிவிடுங்கள்.

சிறுநீரக நோயாளிகள் இதிலுள்ள பாஸ்பரஸைக் கருதி மருத்துவரைக் கேட்காமல் உண்ணக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழு விதையாகத் தராமல், அரைத்துக் கஞ்சியில் கலந்து தரலாம். கசப்பையும் ஒவ்வாமையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பது எல்லோருக்கும் பொதுவான எச்சரிக்கை. கசப்பு ஒரு நாள் கழித்து வரும், தொல்லை தரும், போய்விடும். ஒவ்வாமையோ உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதட்டரிப்பு, தடிப்பு, வாந்தி, தொண்டை இறுக்கம், மூச்சுத் திணறல் என்று தொடங்கும். தொண்டை இறுகினாலோ மூச்சு முட்டினாலோ, வீட்டு வைத்தியம் எதையும் செய்து பார்க்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மிச்சமிருக்கும் பொட்டலத்தையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.