விடியலுக்கு முன் ஒரு பாட்டில் தண்ணீர்

ஏரியில் மீன்கள் செத்து மிதக்கும்போது எனக்கு வரும் அழைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: “யாரோ விஷத்தைக் கலந்துட்டாங்க, சீக்கிரம் வந்து பாருங்க.” தண்ணீரைப் பரிசோதிப்பது என் தொழில். இத்தனை வருடங்களில் அப்படி ஓடிப்போய்ப் பார்த்த இடங்களில் விஷம் அகப்பட்டது மிகச் சில தடவைதான். மற்ற இடங்களில் மீன்கள் மூச்சுமுட்டிச் செத்திருந்தன.

கரையில் நின்று பார்த்தாலே ஓரளவு கணிக்கலாம். விஷம் பெரும்பாலும் பெரியது, சிறியது பார்க்காது. மூச்சுத் திணறலில் முதலில் போவது பெரிய மீன்கள். குஞ்சுகள் நீரின் மேல்விளிம்பை ஒட்டி இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். செத்த மீனின் வாய் திறந்திருக்கும், செவுள்கள் விரிந்திருக்கும். நேரமும் ஒரு தடயம்: இது நடப்பது அநேகமாக விடியற்காலையில்.

தண்ணீருக்குள் ஆக்சிஜன் எவ்வளவு குறைவு என்பது பலருக்குத் தெரியாது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. அதே ஒரு லிட்டர் நன்னீரில், 30 டிகிரி வெப்பத்தில், காற்றிலிருந்து கரைந்து நிற்கக்கூடியது சுமார் 7.5 மில்லிகிராம்தான். நீர் சூடாகச் சூடாக இந்த அளவு இன்னும் இறங்கும். 0 டிகிரியில் 14.6 வரை நிற்கும். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்கள் தவிக்கத் தொடங்கும். 2-க்குக் கீழே பெரும்பாலானவை பிழைப்பது கடினம். ஆக, ஓர் ஏரியின் வாழ்வும் சாவும் இந்தச் சில மில்லிகிராம்களுக்குள் இருக்கின்றன.

இதைப் படித்துத் தேர்வு எழுதித்தான் நானும் வேலைக்கு வந்தேன். இருந்தும் தொடக்கத்திலேயே ஒரு பெரிய தவறு செய்தேன். ஓர் ஏரி பச்சைப்பசேல் என்று மாறிவிட்டது என்று புகார் வந்தது. போனது மதியம் 2 மணிக்கு. மீட்டரை நீரில் இறக்கினேன், 13 காட்டியது. “கரைந்த ஆக்சிஜன் திருப்திகரம்” என்று அறிக்கையில் எழுதிவிட்டு வந்துவிட்டேன். நாலாம் நாள் வானம் மூடிக்கொண்டது. அடுத்த நாள் காலையில் கரையெங்கும் மீன்கள். அங்கே வலை போடும் பெரியவர் ஒருவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. “தம்பி, நீங்க வர்ற நேரத்துல ஏரி நல்லாத்தான் இருக்கும். விடியறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பாருங்க” என்று மட்டும் சொன்னார்.

காற்றிலிருந்து 7.5 மட்டுமே கரையக்கூடிய தண்ணீரில் 13 எப்படி வந்தது என்று அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும். அந்த உபரியைத் தந்தது பாசி. வெயில் இருக்கும்வரை அது ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைக் கொட்டும். பொழுது சாய்ந்ததும் அதே பாசி சுவாசிக்க மட்டுமே செய்யும். இரவு முழுக்கப் பாசி, மீன், புழு, பாக்டீரியா எல்லாம் ஒரே கையிருப்பிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். கையிருப்பு அடிமட்டத்தைத் தொடுவது சூரியன் வருவதற்குச் சற்று முன். நடுவில் ஒரு நாள் மேகம் மூடிவிட்டால் பகல் வரவும் குறைந்துவிடும். அன்று நடந்தது அதுதான். நல்ல எண்ணாக நான் நினைத்த 13, உண்மையில் நோயின் அறிகுறி.

அதற்கப்புறம் ஒரு நாள் அதிகாலை 4:30 மணிக்குப் போனேன். பெரியவர் டார்ச் பிடித்துக்கொண்டார். மீட்டரை மட்டும் நம்பாமல் விங்க்ளர் முறையையும் வைத்துக்கொண்டேன். லாயோஸ் விங்க்ளர் என்ற ஹங்கேரிய வேதியியலாளர் 1888-இல் வெளியிட்ட முறை இது. காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் கண்ணாடிப் பாட்டிலை நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் வீழ்படிவு புகைபோல இறங்கும். இல்லையென்றால் அது வெள்ளையாகவே நிற்கும். அன்று டார்ச் வெளிச்சத்தில் நாங்கள் பார்த்தது சுண்ணாம்பு கரைத்தது போன்ற வெள்ளை. பெரியவருக்கு வேதியியல் தெரியாது. ஆனாலும் நிறத்தைப் பார்த்ததும் நிலைமை அவருக்குப் புரிந்துவிட்டது.

சரி, இவ்வளவு பாசி எங்கிருந்து வந்தது? எந்த உயிரும் வளர்வது, தனக்கு வேண்டியவற்றில் எது மிகக் குறைவாகக் கிடைக்கிறதோ அதன் அளவுக்குத்தான். பல நன்னீர் ஏரிகளில் அந்தக் குறைவான பொருள் பாஸ்பரஸ். இதைக் கண்கூடாகக் காட்டிய சோதனை கனடாவின் ஒண்டாரியோவில் நடந்தது. ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளில் ஒன்றான 226-ஆம் எண் ஏரியை, 1973-இல் டேவிட் ஷிண்ட்லரும் குழுவினரும் ஒரு திரையால் இரண்டாகத் தடுத்தார்கள். இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கூடவே பாஸ்பரஸ். மேலிருந்து எடுத்த படத்தில் அந்தப் பக்கம் மட்டும் பாசி பிடித்து நிறம் மாறியிருக்கும், மறுபக்கம் தெளிவாகக் கறுத்திருக்கும்.

நான் பயிற்சி வகுப்புகளில் எப்போதும் போட்டுக் காட்டும் ஒரு கணக்கு உண்டு. ஒரு கிராம் பாஸ்பரஸ் கிடைத்தால், மற்ற சத்துகளும் இருக்கும் பட்சத்தில், ஏறத்தாழ 110 கிராம் பாசி வளரலாம், அதுவும் உலர்ந்த எடையில். அவ்வளவும் செத்து அடியில் அழுகும்போது பாக்டீரியாக்கள் சுமார் 140 கிராம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் என்று வைத்துப் பாருங்கள்: 18,000 லிட்டருக்கும் மேற்பட்ட நீரின் மொத்த ஆக்சிஜன்! ஒரு மனிதரின் உடலிலிருந்து ஒரு நாளில் வெளியேறும் பாஸ்பரஸே கிட்டத்தட்ட ஒரு கிராம்தான். ஒரு குடியிருப்பின் கழிவுநீர் முழுவதும் ஓர் ஏரியில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை இனி நான் சொல்லத் தேவையில்லை. சாதாரணச் சுத்திகரிப்பு நிலையம் அழுகும் பொருளைத்தான் முக்கியமாக நீக்கும். பாஸ்பரஸில் கணிசமான பங்கு அதைத் தாண்டிப் போய்விடும், அதைப் பிடிக்கத் தனியாக ஒரு படி வேண்டும். “சுத்திகரித்த நீரைத்தான் விடுகிறோம்” என்று சொல்லும் இடங்களில் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

இப்படிச் சத்து அளவுக்கு மீறிச் சேர்ந்து நீரில் பாசி மண்டுவதற்கு மிகையூட்டம் என்று பெயர். எனக்கு இதில் உறுத்துவது, இங்கே யாரும் கெட்ட பொருள் எதையும் கொட்டவில்லை என்பதுதான். பாஸ்பரஸ் இல்லாமல் எலும்பு இல்லை, மரபணு இல்லை. அது பாறையிலிருந்து மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மண்ணுக்கு வரும். மண்ணிலிருந்து செடிக்கும், செடியிலிருந்து விலங்குக்கும் போய், மட்கி மறுபடியும் மண்ணுக்கே திரும்பும். ஒரு நல்ல காடு இதைக் கிட்டத்தட்டக் கைவிடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நாம் பாறையைச் சுரங்கத்திலிருந்து வெட்டி, உரமாக்கி, வயலில் இட்டு, சாப்பிட்டு, குழாய் வழியாக நீர்நிலையில் விட்டுவிடுகிறோம். திரும்பி வரும் பாதையைக் காணோம். நைட்ரஜனிலும் இதே கதைதான். 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில் ஹாபர்-போஷ் முறையில் முதல் பெரிய ஆலை தொடங்கியது. காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் அந்த வழியால் கோடிக்கணக்கானோர் பசியாறுகிறார்கள், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பயிர் எடுத்துக்கொள்ளாத மிச்சம் மழையோடு ஆற்றில் இறங்கிக் கடல்வரை போகிறது. மெக்சிகோ வளைகுடாவில் மிசிசிப்பி ஆறு கலக்கும் பகுதியில் 2017 கோடையில் ஆக்சிஜன் வற்றிய பரப்பு சுமார் 22,700 சதுர கிலோமீட்டர். இப்படிப்பட்ட ‘இறந்த மண்டலங்கள்’ 400-க்கும் மேல் உலகக் கடலோரங்களில் இருப்பதாக 2008-இலேயே கணக்கெடுத்தார்கள்.

இனி, நீர்நிலைகளைக் காக்க நினைப்பவர்கள் நல்லெண்ணத்தோடு செய்துவிடும் இரண்டு காரியங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று, பாசியைக் கொல்லக் காப்பர் சல்பேட் தூவுவது. மொத்தப் பாசியும் ஒரே வீச்சில் செத்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் அழுகும். அந்த வாரமே ஆக்சிஜன் சரியும். சில நீலப்பச்சைப் பாசிகள் சாகும்போது உடலிலிருக்கும் நச்சையும் நீரில் விட்டுவிடும். அந்த நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரத்துக் குடிநீரில், ஈரி ஏரிப் பாசியின் நச்சு கலந்திருந்ததால், சுமார் 4 லட்சம் பேரைக் குழாய்நீரைக் குடிக்க வேண்டாம் என்று இரண்டு, மூன்று நாட்கள் தடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, கரையை ‘அழகுபடுத்துவது’. கோரையையும் நாணலையும் வழித்தெடுத்துவிட்டுக் கல் பதிக்கிறார்கள். மழைநீரோடு வரும் வண்டலையும் அதில் ஒட்டியிருக்கும் பாஸ்பரஸையும் நிறுத்தி வைத்திருந்தது அந்தக் கோரைதான். அதை எடுத்த பிறகு நீரூற்று வைத்து ஆக்சிஜன் ஏற்றுவது அவசரத்துக்கு மீனைக் காப்பாற்றும், அவ்வளவே.

வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் சியாட்டிலை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் ஒரு காலத்தில் பல சுத்திகரிப்பு நிலையங்களின் நீர் விழுந்துகொண்டிருந்தது. மக்கள் வாக்களித்து வரி ஏற்று, 1963 முதல் 1968-க்குள் அதைத் திருப்பிவிட்டார்கள். சில வருடங்களிலேயே ஏரி தெளிந்தது. அது ஆழமான ஏரி, அதிர்ஷ்டம் அதன் பக்கம் இருந்தது. ஆழமில்லாத ஏரிகளில் சேறு பழைய கணக்கை வைத்திருக்கும். ஆக்சிஜன் இருக்கும்வரை சேற்றில் உள்ள இரும்பு பாஸ்பரஸைப் பிடித்து வைத்திருக்கும். ஆக்சிஜன் போனதும் பிடி தளர்ந்து எல்லாம் மேலே வரும். வெளியிலிருந்து பாஸ்பரஸ் வருவதை முழுசாக நிறுத்திய பிறகும் பல வருடங்கள் பாசி வருவது இதனால்தான். “குழாயை அடைச்சாச்சு, இன்னும் ஏன் பச்சையா இருக்கு?” என்று கோபமாகக் கேட்பவர்களிடம் நான் இதைத்தான் விளக்குவேன்.

உங்கள் பக்கத்து நீர்நிலைக்குப் பரிசோதனை அறிக்கை கிடைத்தால், முதலில் மாதிரி எடுத்த நேரத்தைப் பாருங்கள். பகல் நேரம் மட்டும் இருந்தால் விடியலுக்கு முன் எடுத்த அளவையும் கேளுங்கள். மொத்த பாஸ்பரஸ் அளவு இருக்கிறதா என்று பாருங்கள். பல அறிக்கைகளில் அந்த வரியே இருக்காது. விவசாயம் செய்பவர்களாக இருந்தால், பெருமழை வரப்போகிறது என்று தெரியும்போது உரம் இடாதீர்கள், காசும் மிச்சம், ஏரியும் மிச்சம்.

நான் தவறிய அந்த ஏரிக்கு இன்னும் போய்வருகிறேன். கழிவுநீர் வாய்க்காலைத் திருப்பி ஆறு வருடம் ஆகிறது, கரையில் ஒரு பக்கம் கோரையை வளரவிட்டிருக்கிறார்கள். போன மாதம் விடியலுக்கு முன் எடுத்த பாட்டிலில் வீழ்படிவு வெளிர் பழுப்பாக இறங்கியது. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஆக்சிஜனை அளக்கும் டைட்ரேஷனில் 3.8 வந்தது. மீன்களுக்கு இது போதாது. டார்ச்சைப் பாட்டிலுக்குப் பின்னால் பிடித்துக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த பெரியவர், “போன தடவைக்கு நிறம் ஏறியிருக்கே, தம்பி” என்றார்.