தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போடுங்கள்

போன மழைக்காலத்தில் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்தார். தேயிலைத் தோட்டத்தில் இலை பறிப்பவர். ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரிலேயே தீர்ப்பு நகலையும் மடித்து வைத்திருந்தார். மகனுக்கு மாதம் 3,000 ரூபாய் ஜீவனாம்சம் என்று உத்தரவு. "முப்பது நாள் தாண்டிடுச்சு, இனி அப்பீல் போக முடியாதுன்னு ஊர்ல சொல்றாங்க மேடம்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார்.

நகலைப் பிரித்துப் பார்த்தேன். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவில், அதாவது பழைய சட்டத்தின் 125-ல், குடும்ப நீதிமன்றம் போட்ட உத்தரவு. இதன்மீது மேல்முறையீடே கிடையாது. உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனுதான், அதாவது உத்தரவு சரிதானா என்று பார்க்கச் சொல்லும் மனு; கெடு 90 நாள். அன்று 52-வது நாள். ஊர்ப்பேச்சை நம்பி அவர் வராமலே இருந்திருந்தால்?

குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற இறுதித் தீர்ப்பு என்றால் நிலைமை வேறு. குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984-ன் 19-வது பிரிவுப்படி 30 நாள்தான். இந்து திருமணச் சட்டத்தில் 90 நாள் இருக்கிறதே என்பார்கள். அந்த வாதத்தை நம்பிக் குழந்தையின் வழக்கைப் பணயம் வைக்காதீர்கள். இரு தரப்பும் சம்மதித்துப் பெற்ற தீர்ப்பை இந்தப் பிரிவில் மேல்முறையீடு செய்ய முடியாது.

ஆகவே தீர்ப்பு சொன்ன அன்றே தீர்ப்பின் நகல் கேட்டு மனு போட்டுவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். நகலின் முத்திரையில் மனு போட்ட தேதியும் நகல் தயாரான தேதியும் இருக்கும். அந்த இடைப்பட்ட நாள்கள் கெடுக் கணக்கில் சேராது. மனுவே போடாமல் வீட்டில் கலங்கி உட்கார்ந்த நாள்கள் சேரும்.

உயர் நீதிமன்றம் என்றால் கொடைக்கானல்காரர்களுக்கு மதுரைக் கிளை, நீலகிரிக்காரர்களுக்குச் சென்னைதான். மேட்டுப்பாளையம் இறங்கி இரவு ரயில் பிடித்து, வக்கீலுக்கு எங்கே போவது என்ற மலைப்பிலேயே பலர் நாளைக் கடத்திவிடுகிறார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சட்ட உதவி எண் 15100-ஐ அழையுங்கள்.

தந்தைமாருக்கும் ஒன்று: மேல் நீதிமன்றத்தில் மனு போட்டதாலேயே ஜீவனாம்சம் கட்டுவது நிற்காது. தடை உத்தரவு வேண்டும். இல்லாவிட்டால் வாரண்ட் வரும். அதற்கு முன்பே பிள்ளையின் பள்ளிக் கட்டணம் நின்றிருக்கும்.

அந்தப் பெண்ணிடம் பேசப் பேச இன்னொன்று தெரிந்தது. கூலிக்கு வண்டி ஓட்டிய கணவர், தீர்ப்புக்குப் பிறகு சொந்தமாகப் பிக்கப் வாங்கியிருக்கிறார். மாலை போட்ட வண்டியின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்திருந்தார். சூழ்நிலை மாறினால் அதே நீதிமன்றத்தில் 146-வது பிரிவில் தொகையை உயர்த்தக் கேட்கலாம். சென்னைக்குப் போகத் தேவையில்லை. வண்டியின் ஆர்.சி. விவரத்தையும் மகனின் பள்ளிக் கட்டண ரசீதையும் இணைத்து ஊட்டியிலேயே மனு போட்டோம்.