மட்சுஷிமாவின் தீவுகள் சுனாமியை எப்படித் தணித்தன?

ஜப்பானின் வடகிழக்கில், செண்டாய் நகரத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஒரு சின்னக் கடலோர ஊர் மட்சுஷிமா. விரிகுடாவுக்குள் 260 தீவுகள் வரை இருக்கின்றன, பெரும்பாலானவற்றின் உச்சியில் பைன் மரங்கள், கரையில் 828இல் தொடங்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஸுய்கன்-ஜி புத்தக் கோயில், தண்ணீரை ஒட்டிய ஒரு குட்டித் தீவில் கொதாய்தோ என்ற மரக்கோயில். ஜப்பானியர்கள் தங்கள் நாட்டின் மூன்று பேரழகுக் காட்சிகள் என்று 17ஆம் நூற்றாண்டிலிருந்து சொல்லிவரும் பட்டியலில் இதுவும் ஒன்று. 1922இல் ஜப்பானுக்கு வந்த ஐன்ஸ்டைன்கூட செண்டாய் வந்தபோது இங்கே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அழகோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாகப் படுவது 2011 மார்ச் 11 அன்று மதியம் 2:46க்கு 9.0 அளவு நிலநடுக்கம் வந்த பிறகு இங்கே நடந்தது. அதே கடற்கரையில் கொஞ்சம் தள்ளியிருக்கும் ஒனகாவாவில் சுனாமி 14 மீட்டருக்கும் மேல் எழுந்து ஊரையே துடைத்துப் போட்டது. பக்கத்து நகராட்சியான ஹிகாஷி-மட்சுஷிமாவில் 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். மட்சுஷிமாவின் படகுத்துறையில் அலை மூன்று நான்கு மீட்டருக்குள் அடங்கிவிட்டது. கடைகளுக்குள் சேறு புகுந்தது, ஆனால் கட்டடங்கள் நின்றன, 1604இல் கட்டிய கொதாய்தோவும் கடலோரத்திலேயே நின்றது, ஊருக்குள் உயிரிழந்தவர்கள் மிகச் சிலரே. ஸுய்கன்-ஜி கோயில் அன்று இரவு சுற்றுலா வந்தவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் தங்குமிடமானது.

“தீவுகள்தான் எங்களைக் காப்பாற்றின” என்பது ஊரில் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அது பெருமளவு சரி. ஆனால் எப்படிக் காப்பாற்றின என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் எந்த இடத்தில் அது சரி, எந்த இடத்தில் ஆபத்தான நம்பிக்கை என்பது தெரியும்.

முதலில் இந்தத் தீவுகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடலாம். இவை கடலடியிலிருந்து முளைத்தவை இல்லை, மூழ்கிப்போன மலைத்தொடர் ஒன்றின் உச்சிகள். சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியில் எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் மணலும் வண்டலும் படலம் படலமாகப் படிந்து இறுகின. டஃப் என்று நிலவியலாளர்கள் சொல்லும் இந்தச் சாம்பல் பாறை மிருதுவானது, உளியால் செதுக்கிவிடலாம். ஸுய்கன்-ஜி வளாகத்தின் ஓரத்தில் பாறைச்சுவரில் வரிசையாகக் குகைகளைக் குடைந்து வைத்திருக்கிறார்கள், ஒஷிமா என்ற சிறு தீவிலும் துறவிகள் தங்கிப் பயிற்சி செய்த குகைகள் இருக்கின்றன. வேறு கடினப்பாறையாக இருந்திருந்தால் அவ்வளவு குகைகளைக் குடைவது பெரும்பாடாகியிருக்கும்.

மிருதுவான பாறையில் மழைநீரும் ஓடைகளும் சுலபமாகப் பள்ளத்தாக்குகளை வெட்டிவிடும். கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்த சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது, அப்போது இங்கே இருந்தது குன்றுகளும் பள்ளத்தாக்குகளும் மட்டும்தான். பனி உருகி, கடல் ஏறி, பள்ளத்தாக்குகளுக்குள் தண்ணீர் புகுந்தது. குன்றுகளின் தலைகள் மட்டும் வெளியே நின்றன. கடலேற்றம் ஓய்ந்த காலத்தில் இங்கே மனிதர்களும் வந்துவிட்டார்கள். விரிகுடாவின் கிழக்கில் உள்ள மியாதோ தீவில், ஜோமோன் என்ற வரலாற்றுக்கு முந்தைய காலத்து மக்கள் தின்றுபோட்ட சிப்பிகளும் மீன் எலும்புகளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து உருவான சாத்தோஹாமா சிப்பி மேடு ஜப்பானின் மிகப் பெரிய சிப்பி மேடுகளில் ஒன்று.

அதற்கப்புறம் வேலையை எடுத்துக்கொண்டது அலை. நீர்மட்டத்தில் அலை ஓயாமல் அடித்து அடிப்பாகத்தை அரிக்கும், மேலே தொங்கும் பாறை தாங்காமல் விழும், மீண்டும் செங்குத்தான வெள்ளைச் சுவர் ஒன்று உருவாகும். படலங்கள் எல்லாம் ஒரே கடினம் இல்லை, அதனால் மிருதுவான படலம் முதலில் உள்வாங்கிக் கடினமான படலம் துருத்திக்கொண்டு நிற்கும். நியோஜிமா தீவு ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது போலத் தெரிவதற்கும், கானேஜிமா தீவின் அடியில் நான்கு துளைகள் விழுந்திருப்பதற்கும் காரணம் இந்த வேறுபாடுதான். பாறையின் நுண்துளைகளுக்குள் புகுந்த கடல்நீர் காயும்போது உப்புப் படிகங்கள் வளர்ந்து பாறையைத் துகள் துகளாக உதிர்க்கும், அது இன்னொரு பக்கம் நடக்கிறது.

சரி, இப்போது ஒரு முரண். ஒனகாவா உள்ள சான்ரிக்கு கடற்கரையும் கடல் மூழ்கடித்த பள்ளத்தாக்குகளால் ஆனதுதான். கிட்டத்தட்ட ஒரே கதை. பிறகு ஏன் அங்கே அலை மலைபோல உயர்ந்தது, இங்கே தணிந்தது?

இதைப் புரிந்துகொள்ள சுனாமியின் இரண்டு குணங்கள் போதும். ஒன்று வேகம். சுனாமியின் அலைநீளம் பல பத்து கிலோமீட்டர்கள் முதல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்கள் வரை இருக்கும், அதனால் நாலு கிலோமீட்டர் ஆழக் கடல்கூட அதற்கு மேலோட்டமான தண்ணீர்தான். இப்படிப்பட்ட அலையின் வேகத்தைத் தீர்மானிப்பது ஆழம் மட்டுமே, புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைத்துவிடும். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு சுமார் 710 கிலோமீட்டர். 100 மீட்டர் ஆழத்தில் 110. மூன்று மீட்டர் ஆழத்தில் வெறும் 20.

இரண்டாவது, உயரம். அலையின் முன்பகுதி வேகம் குறையும்போது பின்னால் வருகிற தண்ணீர் நெருக்கும், சக்தி குறைந்த நீளத்துக்குள் அடைபடுவதால் அலை மேலே எழும். நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் ஒரு மீட்டர் உயரமாக இருந்த அலை பத்து மீட்டர் ஆழத்துக்கு வரும்போது, இழப்பு எதுவும் இல்லாவிட்டால், நான்கரை மீட்டராகிவிடும். அதோடு விரிகுடாவின் அகலமும் குறைந்துகொண்டே போனால் இன்னும் மோசம், அகலம் நான்கில் ஒரு பங்கானால் உயரம் இரண்டு மடங்காகும். சான்ரிக்கு விரிகுடாக்கள் பல இப்படித்தான், வாய் அகலமாகவும் ஆழமாகவும் கடலைப் பார்த்துத் திறந்திருக்கும், உள்ளே போகப்போக ஒடுங்கும், ஒடுங்கிய முனையில்தான் ஊர் இருக்கும், ஏனென்றால் அந்த இடத்தில்தான் கொஞ்சம் சமதரை உண்டு.

மட்சுஷிமா இதற்கு நேர் எதிர். விரிகுடாவின் பரப்பு சுமார் 35 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி நாலு மீட்டருக்கும் குறைந்த ஆழம். கடலைப் பார்த்த பக்கத்தில் கத்சுரா, நோனோ, சபுசாவா என்ற உராத்தோ தீவுகளும் அவற்றுக்குக் கிழக்கே பெரிய மியாதோ தீவும் ஏறக்குறைய வரிசையாக நிற்கின்றன. தண்ணீர் உள்ளே வரக் கிடைப்பது அவற்றுக்கு இடையே இருக்கும் குறுகலான வாய்கள் மட்டும். வாய் குறுகிய குடத்தை ஆற்றில் அமுக்கினால் வெளியே எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் குடம் தன் வாய் விடுகிற வேகத்தில்தானே நிரம்பும்? விரிகுடாவும் அதே மாதிரிதான். வெளியே கடல்மட்டம் ஏறி நிற்கும் நேரம் சில பத்து நிமிடங்கள். அதற்குள் குறுகிய வாய்கள் வழியாக எவ்வளவு தண்ணீர் உள்ளே வர முடியுமோ அவ்வளவுதான் வரும், வந்ததும் அத்தனை பரப்பிலும் பரவிவிடும். உள்மட்டம் வெளிமட்டத்தை எட்டிப் பிடிப்பதற்குள் வெளியே அலை இறங்கத் தொடங்கிவிடுகிறது.

மீதி வேலையை ஆழக்குறைவும் சிறு தீவுகளும் செய்கின்றன. மேலோட்டமான தண்ணீரில் ஓட்டம் அடித்தரையோடு உரசிச் சக்தியை இழக்கும். தீவுகளில் மோதும் பகுதி கொஞ்சம் திரும்பிப் போகும், கொஞ்சம் சிதறும், தீவுகளுக்குப் பின்னால் சுழல்கள் உருவாகி இன்னும் சக்தியைத் தின்னும். ஆனாலும் முதல் கனமான அடியை வாங்கியது வெளிவரிசைத் தீவுகளே. படகிலிருந்து எல்லாரும் படம் எடுக்கிற, பைன் மரம் முளைத்த குட்டிப் பாறைகளுக்கு அதில் பெரிய பங்கில்லை என்றே நான் நினைக்கிறேன்.

இங்கேதான் “தீவு இருந்தால் பாதுகாப்பு” என்று பொதுப்படையாகச் சொல்வது தவறாகிவிடுகிறது. 1992 டிசம்பரில் இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது, பாபி என்ற வட்டமான சிறு தீவுக்கு வடக்கிலிருந்து சுனாமி வந்தது. கிராமங்கள் தெற்குக் கரையில், அதாவது மறைவான பக்கத்தில் இருந்தன. அலை தீவைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து வளைந்து, பின்பக்கத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து அந்தக் கிராமங்களையே அழித்தது. பிறகு ஆய்வுக்கூடத் தொட்டியில் கூம்பு வடிவத் தீவு ஒன்றைக் கட்டி அலை விட்டுப் பார்த்தார்கள், அதேதான் நடந்தது. தீவைச் சுற்றி ஆழம் குறைவதால் அலையின் பக்கவாட்டுப் பகுதிகள் வேகம் குறைந்து தீவை நோக்கி வளைகின்றன. 2014இல் வெளியான ஒரு ஆய்வு, கரைக்கு முன்னால் ஒற்றைத் தீவு நிற்கும் அமைப்பைக் கணினியில் பலவிதமாக மாற்றிப் பார்த்தது. பரிசோதித்த எந்த அமைப்பிலும் பின்னால் இருக்கும் கரைக்குப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை, சிலவற்றில் அலை 70 சதவீதம் வரை பெரிதானது. இந்த வளைவு நமக்கும் தெரியாததில்லை, 2004 டிசம்பர் 26 அன்று கிழக்கிலிருந்து வந்த அலை இலங்கையைச் சுற்றி அதன் மேற்குக் கரையையும், குமரி முனையைத் தாண்டி வளைந்து கேரளக் கரையையும் அடித்தது.

ஆக, மட்சுஷிமாவில் வேலை செய்தது ஏதோ ஒரு தீவு கிடையாது, நெருக்கமான வெளிவரிசை, குறுகிய வாய்கள், அகன்ற மேலோட்டமான உள்விரிகுடா என்ற மூன்றும் சேர்ந்த அமைப்பு. அந்த அமைப்புக்கு வெளியே இருந்தவர்களுக்கு அது உதவவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உராத்தோ தீவுகளின் கடலைப் பார்த்த கிராமங்களில் வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. மியாதோவுக்கு அருகே திறந்த கடற்கரையில் இருந்த நோபிரு கடும் அழிவைச் சந்தித்தது. அங்கே ஓடிய செண்செக்கி ரயில்பாதையை உள்ளே மேட்டுக்கு மாற்றி 2015இல்தான் மீண்டும் முழுமையாக இயக்கினார்கள். பழைய நோபிரு ரயில் நிலையம் இன்று நினைவிடமாக இருக்கிறது.

மட்சுஷிமாவும் தழும்பு இல்லாமல் தப்பவில்லை. ஒஷிமாவுக்குப் போகும் சிவப்புப் பாலம் அடித்துப் போனது, 2013இல் புதிதாகக் கட்டினார்கள். ஸுய்கன்-ஜிக்குப் போகும் பாதையின் இருபுறமும் நின்ற சுகி என்ற ஓங்கிய ஜப்பானிய ஊசியிலை மரங்கள் அன்றைக்கு விழவே இல்லை, ஆனால் பாதையில் ஏறிய கடல்நீர் மண்ணில் ஊறிவிட்டது. மண்ணில் உப்பு கூடினால் வேரைச் சுற்றித் தண்ணீர் இருந்தும் மரத்தால் அதை உறிஞ்ச முடியாது, உள்ளே போன சோடியமும் குளோரைடும் இலைகளை வேறு நஞ்சாகத் தாக்கும். மரங்கள் மெல்ல மெல்லப் பழுப்பாகி, ஏராளமானவற்றை வெட்டும்படி ஆனது. முன்பு நிழல் மூடியிருந்த பாதையில் இன்று வெளிச்சம் நிறைய விழுகிறது. தீவுகளில் இருக்கும் கருப்பு பைனுக்கு உப்புக் காற்றைத் தாங்கும் திறன் அதிகம். தடித்த மெழுகுப் பூச்சுள்ள ஊசியிலைகள், பாறைப் பிளவுக்குள் இறங்கும் வேர்கள், அந்த வேரோடு ஒட்டி வாழ்ந்து தண்ணீரும் தாதுவும் சேகரித்துத் தரும் பூஞ்சைகள் எல்லாம் இருப்பதால்தான் மண்ணே இல்லாதது போலத் தோன்றும் பாறையில் அவை நிற்கின்றன.

அங்கே போகிறவர்கள் மட்சுஷிமா துறையிலிருந்து கிளம்பும் சுமார் 50 நிமிடப் படகுச் சுற்றோடு திரும்பிவிட வேண்டாம். மியாதோ தீவில் ஒத்தாகாமோரி என்று 105 மீட்டர் உயரக் குன்று ஒன்று இருக்கிறது, ஏறுவது சிரமமே இல்லை. மேலே நின்று மேற்கே பார்த்தால் உள்விரிகுடா விரிந்து கிடக்கும், சிப்பி வளர்க்கும் சட்டங்கள்கூடத் தெரியும், கடலைப் பார்த்த பக்கம் திரும்பினால் வெளிவரிசைத் தீவுகளும் அவற்றுக்கு நடுவே வாய்களும் தெரியும். வரைபடத்தில் பார்த்ததைவிட அவை எவ்வளவு குறுகல் என்பது அங்கேதான் உறைக்கும். உராத்தோ தீவுகளுக்குப் போக ஷியோகாமா துறையிலிருந்து பயணிகள் படகு உண்டு.