கலைத்திட்டத்தை எப்போது மதிப்பிடுவது?

பள்ளியில் எதை, எப்படிக் கற்பிப்பது என்று வகுக்கும் புதிய கலைத்திட்டம் வந்ததும் எல்லோரும் முதலில் புரட்டுவது பாடப்புத்தகத்தைத்தான். எந்தப் பாடம் சேர்ந்தது, எது போனது என்று பேச்சு நடக்கும். அப்புறம் தேர்வு முடிவு வந்தால், அதை வைத்தே திட்டம் நல்லதா மோசமா என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். கலைத்திட்டக் குழுக்களில் வேலை செய்கிற எனக்கு இது பெரிய கவலை. அந்த நேரத்தில் திருத்துவதற்கு அதிகம் மிச்சம் இருக்காது.

அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949இல் நான்கு கேள்விகளை முன்வைத்தார். பள்ளியின் நோக்கம் என்ன, அதற்கு எந்தக் கற்றல் அனுபவங்கள் வேண்டும், அவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது, நோக்கம் நிறைவேறியதை எப்படி அறிவது. நான்காவதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று பல குழுக்கள் விட்டுவிடுகின்றன. நோக்கத்தை எழுதும்போதே அதைக் கேட்க வேண்டும். 'சுற்றுச்சூழலின் முக்கியத்துவத்தை மாணவர்கள் உணர்வார்கள்' என்று எழுதினால், உணர்ந்தார்களா என்று எதை வைத்துச் சொல்வது? 'ஒரு நீர்நிலையைக் கவனித்து, அது மாசுபடும் விதத்தைக் காரணத்தோடு விளக்குவார்கள்' என்றால் ஆசிரியருக்கும் வழி தெரியும், வினாத்தாள் தயாரிப்பவருக்கும் தெரியும்.

அடுத்தது பாடவேளைக் கணக்கு. எனக்குத் தெரிந்து அதிகம் சறுக்குகிற இடம் இதுதான். ஒவ்வொரு பாட வல்லுநரும் தன் துறையில் இன்றியமையாதது என்று சிலவற்றைச் சேர்ப்பார். எடுத்துவிடலாம் என்று யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். தேர்வு நாள்கள், விடுமுறை, திருப்புதல் எல்லாம் போக உண்மையில் எத்தனை பாடவேளை மிஞ்சும் என்று எண்ணிப் பார்த்தால் பாட அலகுகள் அதற்குள் அடங்காது. அப்போது குறைக்கும் வேலை ஆசிரியர் தலையில் விழுகிறது. அவர் பக்கங்களை விட முடியாது, தேர்வில் கேட்பார்கள். அதனால் செய்முறையையும் கலந்துரையாடலையும் மாணவர் சொந்தமாக எழுதுவதையும் விடுகிறார். முன்னுரையில் நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டவை அவைதான்! இதற்கு ஆசிரியரைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

கலைத்திட்ட வல்லுநரான ஹில்டா டாபா இதை வேறு பக்கத்திலிருந்து அணுகினார். ஆசிரியர்களே சில அலகுகளை உருவாக்கி, வகுப்பறையில் சோதித்து, திருத்தி, பிறகு முழுச் சட்டகத்துக்குப் போகலாம் என்றார். நேரம் பிடிக்கும் வழிதான், ஆனால் அச்சுக்குப் போவதற்கு முன்பே பிழை தெரிந்துவிடும். வசதியுள்ள பள்ளிகளை மட்டும் சோதனைக்கு எடுத்தால் பயனில்லை. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்க்கும் பள்ளியும் வேண்டும், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் படிக்கும் வகுப்பும் வேண்டும்.

மதிப்பீட்டு அறிஞர் மைக்கேல் ஸ்கிரிவன் 1967இல் வளரறி மதிப்பீட்டையும் (நடக்கும்போதே திருத்துவதற்காகப் பார்ப்பது) தொகுத்தறி மதிப்பீட்டையும் (முடிந்தபின் தீர்ப்புச் சொல்வது) பிரித்துக் காட்டியபோது, கலைத்திட்டங்களை மதிப்பிடுவதைப் பற்றித்தான் பேசினார். இன்று அந்த இரண்டையும் மாணவருக்கு மட்டுமே பயன்படுத்துகிறோம், திட்டத்தை விட்டுவிட்டோம்.

டிம்ஸ் (TIMSS) என்ற பன்னாட்டுக் கணித, அறிவியல் ஆய்வு, எழுதிவைத்த கலைத்திட்டம், வகுப்பில் நடந்தது, மாணவரிடம் சேர்ந்தது என மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கிறது. மதிப்பெண் மூன்றாவதை மட்டும், அதுவும் ஓரளவுதான் காட்டும். பின்னங்களில் மதிப்பெண் குறைந்தால், பாடம் மோசமா, நேரம் போதவில்லையா, முந்தைய வகுப்பிலேயே அடித்தளம் இல்லையா என்று அது சொல்லாது.

அதனால் அடுத்த மறுஆய்வுக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டுப் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். ஆசிரியர்களின் பாடக்குறிப்பேடுகளையும், நடுத்தர மதிப்பெண் வாங்கும் மாணவர்களின் நோட்டுகளையும் மேசைக்குக் கொண்டு வாருங்கள். எந்தச் செயல்பாட்டுப் பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று பார்த்து, அந்த அலகிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.