தண்டனை பெற்றவரை வேலைக்கு எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கடுங்குற்றத்துக்காகச் சிறை சென்றவர் மருத்துவராகவோ ஆசிரியராகவோ வழக்கறிஞராகவோ வேலை பார்க்கலாமா என்று கேட்டால், பலர் யோசிக்காமல் கூடாது என்பார்கள். அதான் தண்டனையை அனுபவித்துவிட்டாரே, இன்னும் என்ன என்று சிலர் கேட்பார்கள். ஆள் எடுப்பவருக்கும் உரிமம் தரும் குழுவுக்கும் இரண்டு பதிலாலும் பயனில்லை. இந்த வேலை அவர் கையில் எதை ஒப்படைக்கிறது, பழைய குற்றத்தில் அவர் கைவைத்தது அதே பொருளிலா என்ற கேள்வியிலிருந்துதான் அவர்கள் தொடங்க வேண்டும்.

ஆசிரியருக்கும் பராமரிப்பாளருக்கும் குழந்தையோடோ முடியாதவரோடோ தனித்திருக்கும் நேரம் கிடைக்கிறது. கணக்காளர் கையில் பிறர் பணம். மருந்தாளுநர் கையில் மார்ஃபின் வகை மருந்துகள். வழக்கறிஞரிடம் கட்சிக்காரரின் ரகசியமும் பத்திரங்களும். இருபது வயதில் அடிதடியில் ஒருவரைப் படுகாயப்படுத்திச் சிறை போனவர் நாற்பது வயதில் கணக்கு எழுத வருகிறார் என்றால், குற்றம் கடுமையானதுதான். ஆனால் கணக்கு வேலைக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. பொய் ரசீது போட்டு அறக்கட்டளைப் பணத்தை எடுத்தவர் அபராதத்தோடு வெளியே வந்திருந்தாலும், அதே வேலையில் அவரால் வரும் ஆபத்து பல மடங்கு அதிகம். தண்டனைக் காலத்தை மட்டும் வைத்து வடிகட்டினால் முதலாமவர் வெளியே நிற்பார், இரண்டாமவர் உள்ளே வந்துவிடுவார்.

இதில் ஊன்றிப் படிக்க வேண்டியது இங்கிலாந்தின் ஹெரால்ட் ஷிப்மேன் வழக்கு. போதை தரும் வலிநிவாரணியான பெத்திடினுக்காகப் போலிச் சீட்டு எழுதியதற்கு 1976இல் அந்த மருத்துவருக்கு 600 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. மருத்துவர்களைப் பதிவு செய்யும் மருத்துவப் பேரவை எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டது. 1977இல் ஹைட் நகரில் ஒரு மருத்துவக் குழுவில் சேர்ந்தார். பழைய தண்டனையை அங்கே மறைக்கவும் இல்லை. 1992இல் தனியாகக் கிளினிக் நடத்தத் தொடங்கினார். 2000 ஜனவரியில் 15 நோயாளிகளைக் கொன்றதாகத் தீர்ப்பாயிற்று. அவர் கொன்றவர்கள் 215 பேர் என்று விசாரணை ஆணையம் 2002இல் கண்டறிந்தது. பெரும்பாலும் டையமார்ஃபின், அதாவது மருத்துவ ஹெராயின் ஊசிதான் கருவி. கட்டுப்பாட்டு மருந்துகளைத் தான் வைத்துக்கொள்வதில்லை என்று சொல்லிவந்ததால் அவரிடம் பதிவேடும் இல்லை. நோயாளிகள் பெயரில் சீட்டு எழுதி வாங்கினார். புற்றுநோயாளிகள் இறந்த வீடுகளில் மிஞ்சியதையும் எடுத்துக்கொண்டார்.

அவரைத் திரும்ப விட்டது ஒரு பிழை என்றால், எந்தப் பொருளில் தவறு செய்தாரோ அந்தப் பொருளையே யாரும் கண்காணிக்காமல் விட்டது அதைவிடப் பெரிய பிழை. போதைக்கு அடிமையாகி மருந்து திருடிய மருத்துவர்கள் சிகிச்சைக்குப் பின் நன்றாகவே வேலை பார்ப்பதுண்டு. அமெரிக்காவில் அவர்களுக்கான திட்டங்களில் பொதுவாக 5 ஆண்டுகள், முன்னறிவிப்பில்லாமல் சிறுநீர்ப் பரிசோதனை நடக்கும். தவறினால் உரிமத்துக்கே ஆபத்து. ஷிப்மேனுக்கு அப்படி ஒரு நிபந்தனைகூட இல்லை.

எத்தனை ஆண்டு கழிந்தால் போதும்? நியூயார்க்கில் 1980இல் முதன்முறை கைதானவர்களை வைத்து ஆல்ஃபிரட் புளூம்ஸ்டைனும் கிமினோரி நகமுராவும் 2009இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 18 வயதில் கொள்ளைக்காகக் கைதானவர் சுமார் 7.7 ஆண்டுகள் மறுபடி கைதாகாமல் இருந்தால், அவர் திரும்பக் கைதாகும் வாய்ப்பு அவர் வயதுள்ள மற்றவர்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. வீடு புகுந்து திருடியவருக்கு 3.8 ஆண்டுகள். இது முதல் கைதுக்கான கணக்கு. திரும்பத் திரும்பக் குற்றம் செய்தவருக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. ஆண்டுகளை எண்ணும்போது தீர்ப்பு நாளிலிருந்து எண்ணாமல் விடுதலையான நாளிலிருந்து எண்ணுங்கள். சிறைக்குள் ஒழுங்காக இருந்தது வெளி வாழ்க்கைக்குச் சான்றாகாது.

குற்றம் நடந்தபோது என்ன வயது என்பதும் பெரிய விஷயம். அமெரிக்கரான டுவெய்ன் பெட்ஸ் 16 வயதில் கார் கொள்ளையில் சிக்கி, எட்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். 2017இல் கனெக்டிகட் மாநிலத்தில் வழக்கறிஞர்களைச் சேர்க்கும் குழு அவருடைய நடத்தையைத் தனியாக ஆராய்ந்த பிறகுதான் வழக்கறிஞராக ஏற்றது. அலசி ஆராய்ந்து எடுக்கும் இத்தகைய முடிவைத்தான் நான் ஆதரிக்கிறேன்.

காவல்துறைச் சான்றிதழை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். கொடுத்த பெயருக்கும் கேட்ட தேதிக்கும் மட்டுமே அது பதில் சொல்லும். வேறு பெயரில், வேறு நாட்டில் நடந்தது அதில் வராமல் போகலாம். அதே பெயருள்ள வேறொருவரின் வழக்கும் தவறாக ஏறிவிடலாம். அதனால் முன்பு வைத்திருந்த பெயர்கள், வாழ்ந்த ஊர்கள், வேலையில்லாத இடைவெளிகள் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். கைது வேறு, குற்றமற்றவர் என்ற விடுதலை வேறு, தண்டனை வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பி ஒருவரின் வாழ்க்கையைக் கெடுக்கும் நிறுவனங்கள் நிறைய.

முதல் விண்ணப்பத்திலேயே இந்தக் கேள்வியைப் போட்டால், தகுதியைப் பார்க்காமலே தாள் குப்பைக்குப் போகும். தேர்வு முடிந்து, வேலை உறுதியாகும் முன் கேளுங்கள். சட்டப் பிரிவு எண்ணோடு நிற்காமல் தீர்ப்பு நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். திட்டமிட்டதா, பாதிக்கப்பட்டவர் இவரை நம்பியிருந்தவரா, எத்தனை முறை நடந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நேர்காணலில் கண்ணீரை அளவுகோலாக்க வேண்டாம். தீர்ப்பில் உள்ளதும் அவர் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பாதிக்கப்பட்டவர் மேலேயே பழியைத் தள்ளுகிறார் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

எடுப்பது என்று முடிவானால் நிபந்தனைகளை எழுதி, மறு ஆய்வுக்குத் தேதி குறியுங்கள். பண மோசடி செய்தவருக்குத் தனிக் கையெழுத்து அதிகாரம் வேண்டாம். இன்னொருவரும் கையெழுத்திடட்டும், வங்கிக் கணக்கை மூன்றாமவர் சரிபார்க்கட்டும். மருந்துக் குற்றமென்றால் அலமாரிச் சாவி அவரிடம் இருக்கக் கூடாது. இருப்பை வேறொருவர் எண்ண வேண்டும். நேரடி மேலாளருக்கு விஷயம் தெரிந்தே ஆக வேண்டும். உடன் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்த மேலாளர் மாறும்போது கோப்பு அடுத்தவர் கைக்குப் போகிறதா என்று பாருங்கள். பல இடங்களில் கண்காணிப்பு அறுந்துபோவது அப்போதுதான்.

ஒன்றில் மட்டும் எனக்கு இளக்கம் இல்லை. குழந்தையைப் பாலியல் வன்கொடுமை செய்தவரைக் குழந்தைகள் இருக்கும் வேலைக்கும், பராமரிப்பில் இருந்தவரை வதைத்தவரைப் பராமரிப்பு வேலைக்கும் எத்தனை ஆண்டு கழிந்தாலும் எடுக்கக் கூடாது. மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதை எந்த நிபந்தனையாலும் பார்க்க முடியாது, அங்கே பாதிக்கப்படுபவரால் பெரும்பாலும் வாய்திறந்து சொல்லவும் முடியாது. பிழைப்புக்கு அவருக்கு வேறு வேலைகள் உண்டு; அவற்றைத் தேடிக் கொடுக்க உதவுங்கள்.