ஒரு பட்டாலியனின் கொடிவழி

1965 ஜூலையில், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து பென்னிங் கோட்டையில், 23-ஆவது காலாட்படை ரெஜிமென்ட்டின் 2-ஆவது பட்டாலியன் 7-ஆவது குதிரைப்படை ரெஜிமென்ட்டின் 1-ஆவது பட்டாலியன் ஆனது. (கம்பெனிகள் சேர்ந்தால் பட்டாலியன், பட்டாலியன்கள் சேர்ந்தால் ரெஜிமென்ட், அவற்றுக்கு மேலே டிவிஷன்.) ஆட்கள் அவர்களேதான். தளபதியும் அதே ஹால் மூர்தான். தோளில் இருந்த சின்னத்தைப் பிரித்துவிட்டு வேறொன்றைத் தைத்துக்கொண்டார்கள். கொரியாவில் இதற்கு நேரெதிராக நடந்தது. அங்கே இருந்த 1-ஆவது குதிரைப்படை டிவிஷன், 2-ஆவது காலாட்படை டிவிஷன் ஆனது. அங்கிருந்தவர்கள் அங்கேயே, இங்கிருந்தவர்கள் இங்கேயே. பெயரும் கொடியும்தான் இடம் மாறின.

நான்கு மாதம் கழித்து, வியட்நாமின் இயா திராங் பள்ளத்தாக்கில் மூரின் பட்டாலியன் போரிட்டது. அந்தப் பெருமை யார் கணக்கில் ஏறும்? 7-ஆவது குதிரைப்படையின் கணக்கில்தான். இதைத் தீர்த்து வைப்பது அமெரிக்க ராணுவத்தின் வரலாற்று மையம். ஒவ்வொரு படைப்பிரிவும் எப்போது, என்ன பெயரில் பிறந்தது, எப்போது கலைந்தது, எதிலிருந்து எது கிளைத்தது என்று தேதியோடு எழுதிச் சான்றிதழ் தருகிறார்கள். வம்சாவளியைத் தமிழில் கொடிவழி என்போம். படர்கிற கொடிதான் அதில் உள்ள கொடி. ஆனால் பறக்கிற கொடிக்கும் அந்தச் சொல் இங்கே அப்படியே பொருந்திவிடுகிறது.

இந்தக் கொடி எப்படிக் கிளைக்கிறது என்பதுதான் நான் மிகவும் ரசிக்கும் பகுதி. 1957 வாக்கில் அணுகுண்டுப் போருக்கு ஏற்றபடி ஒவ்வொரு டிவிஷனையும் ஐந்து போர்க்குழுக்களாகப் பிரித்தார்கள். களத்தில் ரெஜிமென்ட் என்ற அடுக்குக்கே வேலை இல்லாமல் போனது. நூறு, நூற்றைம்பது ஆண்டு வரலாறு உள்ள ரெஜிமென்ட்களை என்ன செய்வது? பெயரை விடவில்லை, அதன் கம்பெனிகளை விதையாக்கினார்கள். பழைய 'ஏ' கம்பெனியிலிருந்து 1-ஆவது போர்க்குழு, 'பி' கம்பெனியிலிருந்து 2-ஆவது என்று வரிசை போனது. 1960-களில் போர்க்குழுக்களைக் கைவிட்டு மீண்டும் பட்டாலியன்களுக்கு வந்தபோதும் இந்த வழி அறுபடவில்லை. ஆக, மூரின் பட்டாலியனுக்கு மூதாதை, 1866-இல் தொடங்கிய 'ஏ' கம்பெனி என்ற ஒற்றைக் கம்பெனி.

இதே ரெஜிமென்ட்டின் 5-ஆவது பட்டாலியனைப் பாருங்கள். அதன் வேர் 'ஈ' கம்பெனி. 1876-இல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில், ரெஜிமென்ட்டை நடத்திச் சென்ற அதிகாரி கஸ்டரின் நேரடித் தலைமையில் போன ஐந்து கம்பெனிகளில் அதுவும் ஒன்று. லக்கோட்டா, செயேன் என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களோடு நடந்த அந்தச் சண்டையில் கடைசிவரை கஸ்டரோடு நின்ற சிப்பாய்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஆனாலும் ஏட்டில் 'ஈ' கம்பெனி சாகவில்லை. புது ஆட்களைச் சேர்த்தார்கள், கம்பெனி தொடர்ந்தது. சுமார் தொண்ணூறு ஆண்டுக்குப் பிறகு அது ஒரு பட்டாலியனாக வியட்நாம் போனது.

ஆளே இல்லாமலும் ஒரு படைப்பிரிவு இருக்கலாம். கலைப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் வீரர்களை வேறிடம் அனுப்பி, கொடியைச் சுருட்டி உறையில் போட்டுவிடுவார்கள். பெயர் பட்டியலில் உறங்கிக்கொண்டிருக்கும். மற்றதில் பெயரையே பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். 10-ஆவது மலைப்படை டிவிஷன் முதல் வகை. 1958-இல் உறங்கி, 1985-இல் நியூயார்க் மாநிலத்து டிரம் கோட்டையில் எழுந்தது.

டிவிஷனின் வழி அதன் தலைமையகத்தின் வழியாக ஓடுகிறது. கீழே உள்ள ரெஜிமென்ட்கள் வரும், போகும். 1917-இல் பிறந்த 1-ஆவது டிவிஷனில் 16, 18, 26, 28 என நான்கு காலாட்படை ரெஜிமென்ட்கள். மொத்தம் சுமார் 28,000 பேர். இரண்டாம் உலகப் போரை ஒட்டி டிவிஷனை மூன்று ரெஜிமென்ட்டாகச் சுருக்கியபோது 28-ஆவது வெளியேறியது. அளவு ஏறக்குறையப் பாதியானது. டிவிஷன் அதே டிவிஷன்தான்.

இது பழங்கதை இல்லை. 2022 ஜூன் 6 அன்று அலாஸ்காவில் 11-ஆவது வான்குடை (பாராசூட்) டிவிஷனின் கொடியை மறுபடி விரித்தார்கள். அங்கே இருந்த இரண்டு பிரிகேடுகளும் (பல பட்டாலியன்கள் சேர்ந்த, டிவிஷனுக்குக் கீழுள்ள பிரிவுகள்) அதுவரை ஹவாயைத் தலைமையிடமாகக் கொண்ட 25-ஆவது டிவிஷனைச் சேர்ந்தவை. வெப்பமண்டல மின்னல் என்பது அந்த டிவிஷனின் பட்டப்பெயர். அன்று அந்த மின்னல் சின்னத்தைத் தோளிலிருந்து கழற்றிவிட்டு, அதே முகாமில், அதே வீரர்கள் 11-ஆவது டிவிஷனின் சிறகு முளைத்த எண்ணை ஒட்டிக்கொண்டார்கள்.